பெட்டி கட்டிய அன்று அவன் சொன்னது

முறுக்கு டப்பாவைப் பெட்டியில் வைத்துத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை காலேஜுக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை கதவோரம் வந்து நின்றான்.

"அம்மா, அதெல்லாம் வைக்காதீங்க. நான் போகலை."

"ஏன்டா கண்ணா, உடம்பு சரியில்லையா?"

"என்னை ஸஸ்பெண்ட் பண்ணிட்டாங்கம்மா. ரெண்டு செமஸ்டர்."

எனக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. இருபது வருஷமாக நியூஜெர்ஸியில் குடும்பம் நடத்துகிறேன். இவர் ஆபீஸ், நான் வீடு, பிள்ளை படிப்பு என்று வண்டி நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஸஸ்பென்ஷன் என்பது யார் வீட்டுப் பிள்ளைக்கோ நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி வரச் சொன்ன வீட்டுப்பாடத்தில், சிநேகிதன் எழுதியதை வாங்கி நாலு வரி மாற்றிக் கொடுத்திருக்கிறான். முதல் வருஷமே இப்படி ஒரு தடவை எச்சரித்திருக்கிறார்கள். இரண்டாம் முறை பிடிபட்டதும் விசாரணை. டிசம்பர் பரீட்சை முடிந்த கையோடு உத்தரவு வந்துவிட்டது. லீவுக்கு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு, உள்ளுக்குள் இதைச் சுமந்துகொண்டே திரிந்திருக்கிறான். அந்த மூன்று வாரத்தில் அப்பீல் செய்யக் கொடுத்த நாட்களும் ஓடிவிட்டன.

காலேஜ் ஏன் நமக்குச் சொல்லவில்லை?

இவர் முதலில் காலேஜ் மேல்தான் பாய்ந்தார். "பணம் கட்டுவது நான். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

இந்த ஊர்ச் சட்டம் அப்படி. 1974-ல் வந்த 'ஃபெர்பா' என்ற சட்டப்படி, பிள்ளை காலேஜில் சேர்ந்துவிட்டால் அவனுடைய ரெக்கார்டுகள் மேல் உள்ள உரிமை அவனுக்குத்தான். அவன் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் நமக்குக் காட்டுவார்கள். வருமான வரியில் நம்மைச் சார்ந்தவன் என்று காட்டியிருந்தால் காலேஜ் நமக்குச் சொல்லலாம். ஆனால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிள்ளையைச் சேர்க்கும்போதே அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. எனக்கு அந்தப் புத்தி அன்று இல்லை.

நான் சொன்ன பொய்

அடுத்த வாரம் கோவிலில் ஒரு சிநேகிதி கேட்டாள், "பையன் இன்னும் கிளம்பலையா?" என்று. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது: "இந்த செமஸ்டர் ஒரு கம்பெனியில வேலைப் பயிற்சி கிடைச்சிருக்கு." பக்கத்தில் நின்ற பிள்ளை ஒன்றும் பேசவில்லை. காரில் வரும்போது மெதுவாகச் சொன்னான்: "நானும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சேன். ஒரு தடவை சொன்னா சரியாயிடும்னு."

சுரீர் என்றது. வீட்டுக்கு வந்ததும் சிநேகிதிக்கு போன் போட்டு, நான் சொன்னது நிஜமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டேன். அவள் துருவிக் கேட்கவில்லை. "எப்போ வேணும்னாலும் வாங்க" என்றாள். ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை எதிரே நாமே பொய் சொல்லிவிட்டு அவனுக்கு நேர்மையைப் பற்றி எப்படிப் புத்தி சொல்வது?

முதலில் உடம்பும் மனசும்

முதல் பத்து நாள் அவன் பகலில் தூங்கினான், இரவில் விழித்திருந்தான். சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்தது. படிப்பைப் பற்றிப் பேச்செடுக்காமல், ராத்திரி சாப்பாடு மூன்று பேரும் ஒன்றாக, மேஜையில் என்று மட்டும் ஒரு விதி வைத்தேன். ரசம் சாதமானாலும் சரி. பிறகு டாக்டரிடம் அழைத்துப் போனேன். காலேஜ் இன்ஷூரன்ஸ் போய்விட்டதே என்று பதற வேண்டாம். 2010-ல் வந்த சட்டப்படி 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் இன்ஷூரன்ஸில் இருக்கலாம். பிள்ளை "நான் இருந்தென்ன" என்கிற தினுசில் பேச ஆரம்பித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. அமெரிக்காவில் 2022 முதல் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

பழைய காலேஜா, புதுக் காலேஜா?

தண்டனை முடிந்ததும் அதே காலேஜுக்குத் திரும்ப வழி உண்டு. பலருக்கு அதுவே சுலபம், படித்த பாடங்களும் வீணாகாது. நாங்களும் அதைத்தான் சொன்னோம். அவன் ஒரு மாதம் யோசித்துவிட்டு, "நானூறு பேர் வகுப்புல புரியலைன்னு கையைத் தூக்கவே பயந்தேம்மா. சின்ன காலேஜாப் பார்க்கிறேன்" என்றான். காரணம் சரியாகப் பட்டது. ஓடி ஒளிவதற்காக மாறுவது வேறு, இடம் பொருந்தவில்லை என்று மாறுவது வேறு.

அதற்கு நடுவே சும்மா இருக்கக் கூடாது என்று பக்கத்துக் கவுண்டி காலேஜில் சேர்ந்தான். இந்த மாதிரி காலேஜ்கள் பெரும்பாலும் ஹைஸ்கூல் முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்து வைக்கின்றன, சம்பளமும் குறைவு. முதலில் இரண்டு பாடம், ஆறு கிரெடிட். மத்தியானம் மளிகைக் கடையில் வேலை.

இதில் ஒரு பண விஷயமும் அடங்கியிருக்கிறது. மத்திய அரசின் கல்விக் கடன் வாங்கிய பிள்ளை படிப்பை விட்டு நின்றால், ஆறு மாதம்தான் தவணை. பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பாதி நேரமாவது படித்துக்கொண்டிருந்தால் கட்ட வேண்டியதில்லை. பொதுவாக ஆறு கிரெடிட் என்பது அந்தப் பாதி நேரக் கணக்கில் வந்துவிடும். ஆனால் தண்டனைக் காலத்தில் வெளியில் படித்த பாடங்களைச் சில காலேஜ்கள் பிறகு ஏற்பதில்லை. பழைய இடத்துக்கே திரும்ப நினைப்பவர்கள் முதலில் இதை எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"மறைச்சா என்ன?"

விண்ணப்பம் போடும் நேரம் வந்ததும் வீட்டில் பெரிய சண்டை. "கவுண்டி காலேஜ் மார்க் நல்லா இருக்கு. அதை மட்டும் காட்டினா போதாதா? பழசை ஏன் கிளறணும்?" என்றார் இவர். உள்ளுக்குள் எனக்கும் அந்த ஆசை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கவுண்டி காலேஜ் ஆலோசகர் அம்மாள் நிதானமாக விளக்கினார். மாறுதல் கேட்பவன், படித்த எல்லா காலேஜ்களின் டிரான்ஸ்கிரிப்டையும், அதாவது மதிப்பெண் பட்டியலையும், கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலே அது பொய். யார் எங்கே படித்தார்கள் என்று காலேஜ்கள் சரிபார்க்க, 1993 முதல் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பே இருக்கிறது. பல காலேஜ்கள் பழைய காலேஜ் அதிகாரியிடமிருந்து 'காலேஜ் ரிப்போர்ட்' என்ற படிவம் கேட்கும். ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்ற கேள்வி அதிலேயே வரும். நம்ம ஊர் டி.ஸி.யில் நடத்தை பற்றி ஒரு வரி எழுதுவார்களே, அது போலத்தான். பொய் சொல்லி இடம் கிடைத்தாலும், தெரிய வந்த நாளில் ரத்து செய்யலாம்.

'காமன் அப்ளிகேஷன்' கேள்வியை எடுத்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். 2021-22 முதல் எடுத்தது, முதலாண்டில் சேரும் மாணவர்களின் பொதுப் பகுதியில் மட்டும். அப்போதும் ஒவ்வொரு காலேஜும் தனியாகக் கேட்கலாம். எல்லா தண்டனையும் டிரான்ஸ்கிரிப்டிலேயே அச்சாகும் என்பதும் இல்லை. நியூயார்க், வர்ஜீனியா மாநிலங்களில் 2015-ல் வந்த சட்டங்கள் பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்குக் கட்டாயமாகக் குறிக்கச் சொல்கின்றன. மற்றவற்றில் காலேஜுக்குக் காலேஜ் விதி மாறும். ஆகவே முதலில் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில், "என் டிரான்ஸ்கிரிப்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு நாள் இருக்கும்?" என்று பிள்ளையே கேட்க வேண்டும்.

இவர் எழுந்து போய் வெகு நேரம் வாசலில் நின்றார். திரும்பி வந்து, "சரி, உள்ளதை எழுதட்டும்" என்றார்.

அந்த ஒரு பக்கம்

முதலில் அவன் எழுதியதில் நேரமின்மை, சிநேகிதன், கடினமான புரொபஸர் எல்லோரும் இருந்தார்கள். அவன் மட்டும் இல்லை. நான் பேனாவை எடுக்கப் போனேன். ஆலோசகர் தடுத்தார். "அம்மா எழுதினா, அதுவும் இன்னொருத்தர் எழுதிக் கொடுத்ததுதானே?" என்று அவர் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சொன்ன ஒழுங்கு இது:

1. என்ன நடந்தது: மூன்று நான்கு வரி. பழைய காலேஜின் உத்தரவில் உள்ளதோடு தேதியும் விவரமும் ஒத்துப்போக வேண்டும்.

2. என் தவறு என்ன: பிறர் மேல் பழி கூடாது.

3. தண்டனை என்ன, எப்போது முடிந்தது: திரும்பிச் சேரத் தகுதி உண்டு என்ற கடிதம் கிடைத்தால் வாங்கி இணைக்கலாம். முந்தைய காலேஜுக்குத் திரும்பத் தகுதியில்லாதவரைச் சேர்க்காத இடங்கள் நிறைய.

4. அதற்குப் பிறகு என்ன செய்தேன்: "மாறிவிட்டேன்" என்பது போதாது, படித்த பாடம், பார்த்த வேலை, தினசரி பழக்கம் என்று காட்ட வேண்டும்.

சிபாரிசுக் கடிதம் கேட்ட கவுண்டி காலேஜ் ஆசிரியரிடமும் நடந்ததைச் சொன்னான். அவர், "புரியாத ஒவ்வொரு தடவையும் என் அறைக்கு வந்தாயே, அதை எழுதுகிறேன்" என்றாராம்.

என்ன ஆச்சு?

தண்டனை டிசம்பரில் முடிந்தது. மார்ச்சில் ஐந்து காலேஜுக்குப் போட்டான். மூன்றில் இல்லை என்றார்கள். அதில் ஒன்று அவன் மிகவும் ஆசைப்பட்டது. அன்று ராத்திரி இவர்தான் அவனைக் கடற்கரைப் பக்கம் காரில் அழைத்துப்போனார். இரண்டில் இடம் கிடைத்தது. ஒன்றில் முதல் வருஷம் கண்காணிப்பு என்று நிபந்தனை. வகுப்பு சின்னதாக இருக்கும் என்று அவன் அதையே எடுத்துக்கொண்டான். ஒன்பது கிரெடிட்டை ஏற்கவில்லை, படிப்பு ஒரு செமஸ்டர் நீளும். நியூஜெர்ஸியில் கவுண்டி காலேஜில் இரண்டு வருஷ அசோசியேட் பட்டத்தை முடித்துவிட்டால், 2007-ல் வந்த சட்டப்படி மாநில அரசு காலேஜ்கள் அந்தக் கிரெடிட்டுகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவசரமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

இந்தியாவிலிருந்து பிள்ளையை அனுப்பியிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர் விசாவில் இருப்பவன் முழு நேரப் படிப்பில் இல்லையென்றால் விசா நிலையே ஆட்டம் காணும். கவுண்டி காலேஜில் இரண்டு பாடம் என்கிற என் பிள்ளையின் வழி அவனுக்கு உதவாது. உத்தரவு வந்த அன்றே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும், குடியேற்ற வக்கீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அவன் உங்களிடம் சொல்லியாக வேண்டுமே! சொன்னால் அம்மா திட்டுவாள், ஆனால் கூடவே நிற்பாள் என்று பிள்ளைக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் மறுபடி பெட்டி கட்டினேன். முறுக்கு டப்பாவை வைக்கலாமா என்று தயங்கி அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டா வைங்கம்மா. ரூம்ல இன்னொருத்தன் இருக்கான்" என்றான்.