கொழுந்து நிரையில் பாகுபாடு: எங்கே முறையிடுவது?

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தை நிறுத்துக் கூலி போடுவது பழைய வழக்கம். கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியிலுள்ள கோலா தெர்லா பக்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிலோ விலை எல்லாருக்கும் ஒன்றுதானே, பாகுபாடு எங்கிருந்து வருகிறது?

நிரையிலிருந்து வருகிறது. கொழுந்து செழித்த நிரை ஒருவருக்கும், செங்குத்துச் சரிவில் வறண்ட நிரை இன்னொருவருக்கும் என்று மண்டோர் தினமும் ஆள் பார்த்துப் பிரித்தால் மாதக் கடைசியில் சம்பளம் ஒன்றாக இருக்குமா? வெட்டும் இயந்திரம் ஆண்களுக்கு மட்டும் என்றாலும் அதே கதைதான். இத்தகைய குறைகள் பெரட்டில் முணுமுணுப்பதோடு முடிந்துவிடுகின்றன.

ஒரு காலத்தில் பாகுபாட்டை அரசாங்கமே எழுதி வைத்திருந்தது. 1920-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில், இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

சுதந்திர மலேசியாவின் அரசியலமைப்பு 8-ஆவது பிரிவில் சமத்துவத்தை உறுதி செய்கிறது. 2001-இல் பால் வேறுபாடும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் கர்ப்பமுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கில், அந்தப் பாதுகாப்பு தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. தோட்ட முதலாளியும் தனியார்தான்.

2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் ஒரு வழியைத் திறந்தது. அதன் 69எஃப் பிரிவின்படி, வேலையில் பாகுபாடு குறித்த தகராற்றைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். தண்டனைக்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை. உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பிரித்து நடத்தினால் இரு தரப்பும் புகார் செய்ய 60எல் பிரிவு இடமளிக்கிறது. பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் மலைக்கு இது முக்கியம்.

குறை இல்லாமல் இல்லை. பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. 69எஃப் பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராற்றை மட்டுமே. வேலை கேட்டுப் போய், பெயரையோ நிறத்தையோ பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத்துப் பிள்ளை இன்னும் தொழிலாளியே அல்ல. அவனுக்கு இந்தக் கதவு இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் விண்ணப்பதாரரையும் காக்கிறது. பாகுபாடு என்று கருத முகாந்திரம் இருந்தால், இல்லை என்று நிரூபிப்பது அங்கே முதலாளியின் பொறுப்பு. அதைக் கண்காணிக்கத் தனி ஆணையமும் உண்டு. இங்கே 'சுஹாகாம்' மனித உரிமை ஆணையம் புகாரை விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கல், குடியிருக்கும் வீடும் முதலாளியுடையது. புகார் செய்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் நியாயமானதே. அதனால் கையில் ஆதாரம் இருப்பது நல்லது: சம்பளச் சீட்டு, எந்த நாளில் எந்த நிரை, எத்தனை கிலோ என்று எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம், கூட வேலை செய்தவர்களின் சாட்சி. வேலையை விட்டே நீக்கிவிட்டால் தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். அதற்குக் கெடு, நீக்கிய நாளிலிருந்து 60 நாள்.