ஜமக்காளக் கறையும் நெசவாளர் கூலியும்

சென்ற மாசி மாதத்தில், நாட்றம்பள்ளி வட்டத்திலுள்ள விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அன்று தபாலில் வந்திருந்த கடிதம் ஒன்றைச் சங்கத்தின் காரியதரிசி நம்மிடம் காட்டினார். தீபாவளியை முன்னிட்டு அச்சங்கத்தின் முகப்பில் கைத்தறி விற்பனை நடைபெற்றிருந்தது. அதில் ஜமக்காளம் வாங்கிய அங்கத்தினர் ஒருவர், மூன்றே மாதத்தில் சாயம் போய்விட்டதென்று புகார் எழுதியிருக்கிறார். அதற்கு, பவானிப் பக்கத்திலுள்ள அந்த நெசவாளர் சங்கம் அனுப்பிய பதில்தான் அக்கடிதம். பண்டத்தைத் திருப்பி அனுப்பினால் கிரயம் கொடுக்கப்படும் என்றும், சீட்டிலுள்ள எண்ணைக் கொண்டு நெசவாளர் யாரென்று அறிந்து, அவருடைய கூலியில் உரிய தொகை பிடித்தம் செய்யப்பட்டுவிட்டது என்றும் அதில் கண்டிருந்தது.

பண்டம் இன்னும் போகவில்லை. சாக்கில் கட்டி அலுவலக மூலையில் கிடந்தது. பண்டத்தைக் கண்ணால் காணாமலே கூலியைப் பிடித்தது முறையன்று என்று நமக்குத் தோன்றியது. ஆகவே கட்டை அவிழ்த்து வெளிச்சத்தில் விரிக்கச் சொன்னோம்.

ஜமக்காளத்தைப் பற்றி விவசாய அங்கத்தினர்களுக்கு இரண்டொரு வார்த்தை கூறவேண்டும். காவிரியும் பவானியாறும் கூடுமிடத்திலுள்ள பவானியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சீமைத் துணியின் போட்டியால் பிழைப்பிழந்த ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் கண்டெடுத்த வழி இது. தடித்த பருத்தி நூலில் வண்ணப்பட்டைகள் கொண்ட முரட்டு ரகம் ஒன்று. கரையில் செயற்கைப் பட்டு நூலால் பூவேலை செய்த மெல்லிய ரகம் மற்றொன்று. அகன்ற ஜமக்காளத்தை நெய்ய இருவர் அருகருகே தறியில் அமரவேண்டும். 2005-06இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1985ஆம் ஆண்டின் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களுள் ஜமக்காளமும் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறிப் போலிகள் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு வீட்டில் கைத்தறி ஜமக்காளத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டால், அடுத்த முறை அந்த வீடு போலியைத்தான் வாங்கும். ஒரு புகார் ஒருவருடைய கூலியோடு நின்றுவிடுவதில்லை.

விரித்த ஜமக்காளத்தில் மூன்றுவிதக் குறைகளைக் கண்டோம். ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்திற்கு எண்ணெய் ஊறிய செம்மஞ்சள் கறை. மற்றோரிடத்தில் மை கொட்டியதுபோல் கறுப்பு. மூன்றாவது, சிவப்புப் பட்டையின் நடுவே துளித்துளியாகவும் திட்டாகவும் வெளுத்த இடம். இந்த வெளுப்பைத்தான் புகாரில் சாயம் போனதாக எழுதியிருந்தார்கள்.

சாயம் ஓடுதல் வேறு, சாயம் அழிதல் வேறு. ஓடினால், சிவப்புப் பட்டையை அடுத்துள்ள மஞ்சள் பட்டையிலும் வெள்ளைப் பட்டையிலும் அந்தச் சிவப்பு இறங்கியிருக்கும், கரை கலங்கியிருக்கும். இங்கே அடுத்த பட்டைகள் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தன. வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து, சிவப்புப் பட்டையின் மேல் அழுத்தி இருபது முறை தேய்த்துப் பார்த்தோம். துண்டில் ஒரு சுவடும் இல்லை. நல்ல சாயம், நன்றாக அலசப்பட்ட நூல். வெளுத்த இடங்களோ தெறித்த துளிகளின் வடிவில் இருந்தன. மேலே எதுவோ கொட்டப்பட்டிருக்கிறது.

அங்கத்தினரின் வீடு அருகில்தான், தென்னந்தோப்பை ஒட்டியது. அவரும் அவர் மனைவியாரும் ஒன்றையும் மறைக்கவில்லை. மகளின் நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் இந்த ஜமக்காளத்தை விரித்து விருந்தினரை அமர்த்தியிருக்கிறார்கள். ஆம்பூர் பக்கத்துச் சம்பந்திகள்; பிரியாணி விருந்து. குழந்தைகள் கையால் கத்தரிக்காய்த் தொக்கோடு ஓர் இலை கவிழ்ந்தது. பிறகு தேநீரும் கொட்டியது. கூட்டம் கலைந்து, மறுநாள் காலையில்தான் கறையைக் கவனிக்க முடிந்ததாம். கொதிக்கும் நீரை ஊற்றி, கட்டிச் சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். மஞ்சள் பட்ட இடம் இரத்தம்போல் சிவந்துவிட்டது. அந்த அம்மையார் பயந்துபோய், தண்ணீர்த் தொட்டிக்கென வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். “கறையோடு சாயமும் சேர்ந்து போய்விட்டது ஐயா, சாயம் கெட்டியில்லை என்றுதானே நினைக்கத் தோன்றும்?” என்று அவர் கேட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பண்டத்தை விற்ற சங்கமாவது, வாங்கித் தந்த சங்கமாவது இதைப் பற்றி ஒரு வார்த்தை அவருக்குச் சொன்னதுண்டா?

பிளீச்சிங் பவுடர் நிறத்தைச் சிதைப்பதற்கென்றே உள்ள சரக்கு. மஞ்சளின் நிறம் எது, சாயத்தின் நிறம் எது என்று அது பார்ப்பதில்லை. துவைத்தலுக்கு அசையாத சாயங்களிலும் பல இதற்குத் தாங்கமாட்டா. பருத்தியாவது நிறத்தை மட்டும் இழந்து பிழைக்கும். கம்பளியும் பட்டும் இதில் கரைந்தே போகும். மற்றோர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் எலுமிச்சம்பழத்தையோ காடியையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்க்கக்கூடாது. குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

இனி மஞ்சளின் கதை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் அது சிவப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். சோப்பிலுள்ள காரமும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே மஞ்சள் கறை சோப்புப் பட்டுச் சிவந்தால் கலங்கவேண்டுவதில்லை. நன்றாக அலசினால் அது மீண்டும் மஞ்சளாகிவிடும். இந்த மஞ்சள் நீரில் கரைவது அரிது. பருத்தி நூலை அதுவாகவே பற்றிக்கொள்ளும். ஒரு காலத்தில் துணிக்குச் சாயமிடவே உபயோகப்பட்ட பொருளல்லவா! ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. வெயிலில் அது நிற்காது. சோப்பு நீரால் கழுவி அலசி, கறை பட்ட இடம் மட்டும் வெயில் படும்படி, மற்ற இடத்தைச் சாக்கால் மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால் மஞ்சள் மங்கி மறையும். முழு ஜமக்காளத்தையும் நாட்கணக்கில் வெயிலில் போட்டால் அதன் சாயமும் வெளிறும். மூடச் சொல்வது அதற்காகவே.

மிளகாயின் சிவப்பு வேறு வகை. அது எண்ணெயில் கரைந்து எண்ணெயோடு ஊர்வது. எண்ணெயை எடுத்தால்தான் நிறமும் வரும். கொட்டியதைக் கரண்டியின் முதுகால் வழித்து எடுத்துவிட்டு, அரிசி மாவையோ சுண்ணக்கட்டித் தூளையோ கனமாகத் தூவி, அரைமணி நேரம் விட்டுத் தட்டவேண்டும். எண்ணெயின் பெரும்பகுதியை மாவு குடித்துவிடும். பின்னர் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சலவைச் சோப்பைக் கலந்து, துணியில் தொட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றவேண்டும். நடுவிலிருந்து ஓரத்திற்குத் தேய்த்தால் கையகலக் கறை முறம் அகலமாகும். ஜமக்காளத்தில் ஈரம் மறுபக்கம் இறங்கிவிடும் ஆகையால், அடியில் மடித்த பழந்துணியை வைத்துக்கொள்வது அவசியம். நாரால் தேய்ப்பது தடித்த நூலையே பிசிறாக்கும். செயற்கைப் பட்டுக் கரைக்கு அது ஆகவே ஆகாது. நனைந்த நிலையில் அந்த நூலின் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். அதை முறுக்கிப் பிழியவும் கூடாது.

கொதிநீர் செய்த தீமையையும் கூறவேண்டும். பால், தயிர், முட்டை, இறைச்சிச் சாறு ஆகியவை சூடு பட்டால் இறுகும். முட்டையை வேகவைத்தால் இறுகுவதைப் போலத்தான். நூலுக்குள் இறுகிய பிறகு அவற்றை எடுப்பது கடினம். எனவே உணவுக் கறை எதுவானாலும் முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கட்டும். பாயசம் கொட்டினால், கறை தெரியாவிட்டாலும் சர்க்கரை போகும்வரை அலசிவிடுவது நல்லது. இல்லையேல் எறும்பு முதலில் வரும். ஒட்டுகிற புழுதி பிறகு வரும்.

கறுப்புக் கறைதான் நம்மைச் சிறிது நேரம் திகைக்கவைத்தது. தேநீர்க் கறை பழுப்பாக இருக்கும், மையாக இராது. தண்ணீர் எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டோம். கிணற்றடியில் கிடந்த வாளியைக் காட்டினார்கள். துருப்பிடித்த இரும்பு வாளி!

நமது வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் குரோம் முறை பரவுவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆகும். அவற்றிலுள்ள துவர்ப்புச் சத்து தோலைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. துவர்ப்பு நீரில் இரும்பு பட்டால் கறுத்துப்போவதைப் பழைய தோல் தொழிலாளர்கள் யாவரும் அறிவர். கடுக்காயும் இரும்பும் கொண்டு எழுதுமை காய்ச்சியதும் இதனாலேதான். தேநீரிலும் பாக்கிலும் அதே இனத்துத் துவர்ப்புதான் இருக்கிறது. துருப்பிடித்த வாளித் தண்ணீரை ஊற்றியதால், அந்த அம்மையார் தம்மையறியாமல் ஜமக்காளத்தின் மேலேயே மை காய்ச்சிவிட்டார்.

தேநீரோ காப்பியோ கொட்டிய உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பித்தளை அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கொண்டுவந்த பச்சைத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை ஒற்றினால் பெரும்பாலும் போய்விடும். மிச்சமிருந்தால் ஒரு பங்கு காடிக்கு இரு பங்கு தண்ணீர் கலந்து தொடலாம். இதற்குக் கட்டிச் சோப்பு வேண்டாம்; அது பழுப்பை இன்னும் ஆழமாக்கும். வெற்றிலை எச்சில் கறைக்கும் முதல் மருந்து புளிப்புதான். சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்த சிவப்பை எலுமிச்சைச் சாறு தணிக்கும். எந்தப் புளிப்பையும் முதலில் ஒரு மூலையில் தொட்டுச் சாயம் அசையவில்லை என்று பார்த்துக்கொள்ளவேண்டும். வேலை முடிந்ததும் நன்றாக அலசிவிடவேண்டும். பருத்தியில் புளிப்பைக் காயவிட்டால் நூல் நைந்துபோகும்.

கிணற்று நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பக்கத்தில் பல கிணறுகளில் உப்பு நீர். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நீர் கெட்டது 1996இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புவரை சென்ற விஷயம். கடின நீரில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிந்து, சாம்பல் நிறப் பிசுக்காக நூலில் தங்கும். துவைத்தும் வெளுக்கவில்லை என்ற புகார்கள் சிலவற்றிற்கு இதுவே காரணம். மழைநீர் இருந்தால் மெத்த நன்று. பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் சாயத்துக்கும் இதமானது. கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றது.

வீட்டில் இருப்பது பருத்தியா, கம்பளியா, நைலானா என்று ஐயமானால், பிசிறிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து லேசான சாம்பலாகும். கம்பளியில் மயிர் கருகும் நாற்றம் வரும். நைலான் உருகி மணியாகத் திரளும். வாலாஜாபேட்டைப் பக்கத்துப் பழைய கம்பளங்களை வைத்திருப்போர், சலவைச் சோடாவையும் கொதிநீரையும் அவற்றின் அருகே கொண்டுபோகாதிருப்பார்களாக.

முழு ஜமக்காளத்தையும் நனைக்க நேர்ந்தால், இருவராகத் தூக்கி, இரு கொடிகளின் மேல் பரப்பி, நிழலில் காற்றாட உலர்த்துவது உத்தமம். ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் நெசவு கோணும். அரைகுறை ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளியை எந்தச் சரக்கும் முழுதும் எடுக்காது.

அன்று மாலை அந்த வீட்டுத் திண்ணையிலேயே, அம்மையார் எலுமிச்சைச் சாற்றால் கறுப்புக் கறையைத் தொட்டு ஒற்றினார். நான்காம் முறையில் அது பழுப்பாகி, பின் ஏறக்குறைய மறைந்தது. எண்ணெய்க் கறை பாதிக்குமேல் போயிற்று. மூன்று மாதப் பழையது, முற்றும் போகவில்லை. வெளுத்த இடத்திற்கு மட்டும் பரிகாரம் ஏதுமில்லை.

அங்கத்தினர் தம் கையாலேயே புகாரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதினார். பிளீச்சிங் பவுடரைக் குறித்து ஒளிக்காமல் எழுதினார். நாமும் நனைந்த துண்டுச் சோதனையின் விவரத்தைக் குறித்து, பிடித்தம் ரத்து செய்யப்படவேண்டும் என்று அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு எழுதினோம். இனிப் புகார் வந்தால் பண்டத்தை வரவழைத்து, நெசவாளரையும் வைத்துக்கொண்டு சோதித்த பின்னரே கூலியில் கைவைக்கவேண்டும் என்றும், சலவை முறையை நான்கு வரியில் அச்சிட்டு ஒவ்வொரு ஜமக்காளத்திலும் எண் சீட்டோடு தைத்து அனுப்பலாம் என்றும் அதில் கேட்டுக்கொண்டோம்.

பங்குனி மாதக் கூலிப் பட்டியலில் பிடித்த தொகை அந்த நெசவாளருக்குத் திருப்பித் தரப்பட்டதாகப் பதில் வந்தது. சீட்டைப் பற்றி அதில் ஒன்றும் காணோம், மறுபடியும் எழுதியிருக்கிறோம். ஜமக்காளம் நாட்றம்பள்ளியிலேயே இருக்கிறது. வெளுத்த பக்கம் சுவரோரமாக இருக்கும்படி விரித்து உபயோகிக்கிறார்கள்.