ஓய்விலும் ஓயாத மூளை

பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி, மணிமுத்தாறுக்குப் பக்கத்திலுள்ள பாபநாசத்தில் மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. கூடங்குளத்து மின்சாரமும் அதே தாளத்தில்தான் அலைகிறது. எல்லா மின்னாக்கிகளும் தாளம் தவறாமல் சுழல்வதால்தான் ஒரே கம்பித் தொடரில் அவற்றைச் சேர்க்க முடிகிறது. மாணவ நண்பர்களே, உங்கள் தலைக்குள்ளும் இப்படி அலையும் மின்சாரம் உண்டு. நீங்கள் ஒன்றும் செய்யாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போதுதான் அதன் தாளம் நன்றாகத் தெரியும்!

இதைக் கண்டவர் ஜெர்மனியில் யேனா நகரில் மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர். 1924-ல் முதல் பதிவை எடுத்தார். தம் மகன் தலையிலும் மின்வாய்களைப் பொருத்திச் சோதித்தார். திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகே 1929-ல் வெளியிட்டார். தலையின் மேல்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 50 மைக்ரோவோல்ட். டார்ச் விளக்குச் செல்லின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. (இன்றும் இதைப் பதிவு செய்வோருக்குப் பெருந்தொல்லை, சுவரிலுள்ள மின்கம்பியிலிருந்து வந்து கலக்கும் அந்த 50 சுற்று இரைச்சல்தான்.) பெர்கர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மாத்யூசும் செய்து காட்டிய பிறகே ஐயம் நீங்கியது.

கண்ணை மூடினால் வினாடிக்குச் சுமார் பத்து அலைகள் எழுகின்றன. இவை ஆல்ஃபா அலைகள். கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போட்டாலோ இவை அடங்கிவிடும். வேலை செய்யும்போது அலை சிறுத்து, சும்மா இருக்கும்போது பெருக்கிறதே, இது என்ன விந்தை? சந்தையில் ஆயிரம் பேர் ஆளுக்கொன்றாகப் பேசினால் வெறும் இரைச்சல். கும்மியில் இருபது பேர் சேர்ந்து கை தட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். நரம்பணுக்கள் ஒன்றுசேர்ந்து இயங்கும்போது அலை பெரிதாகிறது, அவ்வளவுதான்.

எனவே ஓய்வு என்றால் மூளை அணைந்து கிடக்கிறது என்று பொருளல்ல. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை ஓய்விலும் எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்குப் போட்டாலும் அதற்கு மேல் கூடுவது சொற்பமே.

உறக்கத்தில் அலைகள் வினாடிக்கு நான்குக்கும் குறைவாக, மெதுவாகவும் உயரமாகவும் எழும். பிறகு கனவு உறக்கம். இந்தச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். இடையிடையே நூற்கும் கதிர் போன்ற வடிவில் சிறு அலைக்கொத்துகளும் தோன்றும். இவற்றுக்கும் அன்று படித்ததை நினைவில் பதிப்பதற்கும் தொடர்புண்டு.

மின்சாரத்தோடு வேதிப்பொருள்களும் ஏறி இறங்குகின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும்; தூங்கினால் குறையும். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலையில் பல்லாண்டுகள் விளைந்த தேயிலையில் உள்ள கஃபீன், அந்த அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது.

மெலட்டோனின் இருட்டில் சுரப்பது. அதற்கு நேரம் குறிப்பது, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சுமார் 20,000 நரம்பணுக்களின் கூட்டம். இப்படி ஒரு கடிகாரம் உள்ளேயே ஓடுகிறது என்பதை நம் மதுரையிலேயே சோதித்தார்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குழுவினர், கடிகாரமோ சூரிய ஒளியோ வானொலியோ இல்லாத தனியறையில் ஆள்களைப் பல நாள் தங்கவைத்தார்கள். அங்கும் உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தன. ஆனால் சுற்று 24 மணியோடு நிற்காமல் நீண்டது. வெளியே அதைத் தினமும் திருத்துவது காலை வெளிச்சம்.

மணிமுத்தாறில் சிறப்புக் காவல் படையின் முகாம் உண்டு. இரவுக் காவல் நிற்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். பின்னிரவு மூன்று, நான்கு மணிக்குத்தான் கண் சொருகும் என்பார். மெலட்டோனின் மிகுந்து உடல் வெப்பம் தாழும் வேளை அது.

"நாலு மணிக்கு எழுந்து படி" என்று வீட்டில் சொல்வார்கள். இரவு எட்டு மணிக்கே விளக்கணைத்த காலத்தில் அது பொருத்தமே. ஆனால் பதின்ம வயதில் மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரமே பிந்திவிடுகிறது. பதினொரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும் மாணவருக்கு, உங்கள் வயதுக்கு வேண்டிய எட்டு மணி உறக்கத்தில் ஐந்துதான் கிடைக்கிறது. ஆழ்ந்த உறக்கம் முன்னிரவிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். வெட்டுப்படுவது பின்னிரவில் மிகுதியாக வரும் கனவு உறக்கமும், அந்தக் கதிர் அலைகளில் பலவும்.