விடையும் விளக்கமும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் கணித ஆர்வலர் ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறி வாழ்ந்தனர். மேனாட்டுக் கணித இதழ்கள் அவர்கட்கு எளிதிற் கிட்டவில்லை. இக்குறையைப் போக்க முனைந்தவர் வி. இராமசாமி ஐயர். அவர் துணைக் கலெக்டராகப் பணியாற்றியவர். கணிதமோ அவர் உள்ளங்கவர்ந்த கலை. அவருடைய முயற்சியால் 1907-ஆம் ஆண்டில் தோன்றிய சங்கமே பின்னர் இந்தியக் கணிதக் கழகம் எனப் பெயர் பெற்றது. உறுப்பினர் இதழ்களை அஞ்சல் வழியே ஒருவர்க்கொருவர் அனுப்பிப் படித்தனர். கழகமும் தனக்கென ஓர் இதழை நடத்தியது. அதில் ஒருவர் வினா விடுப்பார். வேறோர் ஊரினர் விடை எழுதுவார்.

1911-ஆம் ஆண்டில், வேலையின்றி இருந்த இராமானுசன் என்னும் இளைஞர் அவ்விதழில் ஒரு வினா விடுத்தார். முடிவின்றி நீளும் பின்வரும் கோவையின் மதிப்பு யாது என்பதே அவ்வினா.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

மூன்று இதழ்கள் வெளிவந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் அவரே விடையைத் தெரிவித்தார். விடை 3.

'மூன்று' என்று கேட்டமட்டில் நமக்கு வியப்புத் தோன்றுமேயன்றி விளக்கம் தோன்றாது. ஆகவே, பின்வருமாறு நோக்குவோம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 = 1 + 2 × 4. இங்குள்ள 4 என்பது 16-இன் வர்க்கமூலம்; 16 = 1 + 3 × 5. இனி 5 என்பது 25-இன் வர்க்கமூலம்; 25 = 1 + 4 × 6. இவ்வாறே மேலும் மேலும் விரித்தால் வினாவிலுள்ள கோவை தானே உருவாகின்றது. எந்த எண்ணின் வர்க்கமும், அதற்கு முன்னெண்ணையும் பின்னெண்ணையும் பெருக்கி ஒன்று கூட்டியதற்குச் சமம். இதுவே இதன் மறைபொருள்.

ஆயினும், கூரிய மாணவர் ஒருவர் இங்கே தடை எழுப்பலாம். '4 என்பதையும் இங்ஙனம் விரிக்கலாமே! 16 = 1 + 2 × 7½ அன்றோ? 7½-ஐயும் அவ்வாறே தொடரலாம். அங்ஙனமாயின் விடை 4 என்றும் கூறலாமோ?' நல்ல தடைதான். இதற்கு விடை காண, கோவையை இடையிடையே நிறுத்திக் கணக்கிடுதல் வேண்டும். √(1 + 2) ஏறத்தாழ 1.73, அடுத்த படியில் 2.24, அதற்கடுத்து 2.56. இம்மதிப்புகள் ஏறிக்கொண்டே சென்று 3-ஐ நெருங்குகின்றன, அதனைத் தாண்டுவதில்லை. இராமானுசன் எழுதிய விடையில் இப்பகுதி இல்லை!

இக்குறை அவ்விதழின் ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அறிந்ததே. இராமானுசனின் முறைகள் மிகச் சுருக்கமும் புதுமையும் உடையன; ஆனால், தெளிவு குறைந்தமையால் பயிற்சியற்றோர் அவரைப் பின்தொடர்தல் அரிது என்பது அவர் கருத்து. எனினும், அவர் கட்டுரையைத் தள்ளிவிடவில்லை. பெர்னூலி எண்களைப் பற்றிய இராமானுசனின் முதற் கட்டுரை இருவர்க்குமிடையே பன்முறை சென்று மீண்டு, திருத்தம் பெற்று, 1911-ஆம் ஆண்டிலேயே அச்சேறியது.