லினக்ஸுக்கு மாறியதும் திரை கறுத்துவிட்டதா? பயப்படாதீர்கள்!

விண்டோஸ் 10 தொகுப்பிற்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க மறுக்கும் கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்களில் பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் பக்கம் வந்திருக்கிறார்கள். வந்தவர்களை முதலில் மிரட்டுவது கிராபிக்ஸ்தான். இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால் திரை கறுப்பாக நிற்கும். அல்லது எழுத்துகள் எல்லாம் பெரிதாகி, திரை 1024க்கு 768 என்ற அளவிலேயே மாட்டிக் கொள்ளும். வீடியோ திக்கித் திணறும்.

உடனே கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிச் சென்று, "பார்மட் செய்து பழையபடி விண்டோஸ் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். பார்மட் செய்தால் அதில் உள்ள போட்டோக்களும் பைல்களும் போய்விடும். இந்தச் சிக்கலில் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. அதற்கேற்ற டிரைவர் இயங்கவில்லை, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் என்றால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தும் கேபிளை மதர்போர்டில் உள்ள இணைப்பில் செருகியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான்.

விண்டோஸ் பழக்கத்தை விடுங்கள்

விண்டோஸில் நாம் என்ன செய்வோம்? கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திற்குச் சென்று டிரைவரை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்வோம். லினக்ஸில் பாதித் தொல்லை இந்தப் பழக்கத்தால்தான் வருகிறது. இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் நீங்கள் எதையும் தேடவே வேண்டாம். அவற்றின் டிரைவர்கள் லினக்ஸின் கெர்னலிலும், மெசா என்ற தொகுப்பிலும் சேர்ந்தே வருகின்றன. சிஸ்டத்தை அப்டேட் செய்தால் போதும்.

என்விடியா கார்டுகளின் கதை வேறு. இவற்றுக்கு லினக்ஸுடன் வரும் திறந்த மூல டிரைவரின் பெயர் நூவோ. நிறுவனத்தின் உதவி இல்லாமல், கார்டு எப்படி வேலை செய்கிறது என்று வெளியிலிருந்தே ஆராய்ந்து எழுதப்பட்டது. திரையில் படம் காட்டப் போதும். ஆனால் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளை அவற்றின் முழு வேகத்திற்கு அதனால் உயர்த்த முடியாது. 2012ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் லினக்ஸின் தந்தை லைனஸ் டோர்வால்ட்ஸ், கேமராவைப் பார்த்து என்விடியாவைக் கடுமையாகத் திட்டியது உலகப் புகழ் பெற்றது. 2022 மே மாதம் அந்நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆனாலும் முழு டிரைவரைத் தனியாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

கறுப்புத் திரையிலிருந்து உள்ளே நுழைய

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். பழைய பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். கிரப் என்ற மெனு கிடைக்கும். முதல் வரி தேர்வாகி இருக்கும்போது கீபோர்டில் 'இ' எழுத்தை அழுத்துங்கள். சில வரிகள் காட்டப்படும். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரியின் கடைசிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில், ஒரே சொல்லாக டைப் செய்து எப்10 கீயை அழுத்துங்கள்.

திரை அழகாக இருக்காது. ஆனால் டெஸ்க்டாப் வந்துவிடும். கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கி வைத்து, அடிப்படைத் திரையை மட்டும் காட்டும்படி கெர்னலுக்கு நாம் சொல்லியிருக்கிறோம். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே.

இனி உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற புரோகிராமைத் திறக்கவும். இன்டர்நெட் இணைப்பு தேவை. இப்போது நூவோ தேர்வாகி இருந்தால், உங்கள் கார்டுக்குப் பொருந்தும் என்விடியா டிரைவர்கள் எண்களுடன் பட்டியலிடப்படும். 'ரெகமன்டட்' அல்லது 'டெஸ்டட்' என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுக்கவும். 'சர்வர்' என்று முடிவது உங்களுக்கானதல்ல. எண் பெரியதாக இருந்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580தான் கடைசி வரிசை டிரைவர். மாற்றத்தை ஏற்று, ரீஸ்டார்ட் செய்யவும்.

நீலத் திரையைத் தவற விடாதீர்கள்

செக்யூர் பூட் வசதி இயங்கும் கம்ப்யூட்டர்களில், டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு அமைக்கச் சொல்லலாம். எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அப்படிக் கேட்டிருந்தால், ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டாவிட்டால் அது மறைந்துவிடும். புதிய டிரைவரைக் கெர்னல் நம்பாது, ஏற்றவும் செய்யாது. 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கன்டினியூ', 'யெஸ்' கொடுத்து, அந்தப் பாஸ்வேர்டை டைப் செய்யுங்கள். 'பூட்' என்று அவசரத்தில் கொடுத்துவிட்டால் பழைய கதைதான்.

செக்யூர் பூட்டை பயாஸில் நிறுத்திவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம். ஆனால் அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருந்து, அதில் பிட்லாக்கர் இயங்கினால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கைவசம் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேலை செய்கிறதா?

உபுண்டு 24.04ல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று சென்று, சிஸ்டம் டீட்டெய்ல்ஸில் கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கு 'எல்எல்விஎம்பைப்' அல்லது 'சாப்ட்வேர் ரெண்டரிங்' என்று இருந்தால், படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸரே சுமக்கிறது என்று பொருள். வீடியோ திணறுவதும், மின்விசிறி இரைவதும் இதனால்தான். இன்டெல், ஏஎம்டி கம்ப்யூட்டரில் இப்படிக் காட்டினால், 'சேப் கிராபிக்ஸ்' என்ற வழியில் இன்ஸ்டால் செய்தீர்களா என்று யோசியுங்கள். அந்த வழியில் 'நோமோட்செட்' நிரந்தரமாகத் தங்கிவிடுவதுண்டு. இடிசி, அதற்குள் டிபால்ட் என்ற போல்டரில் கிரப் என்ற பைல் இருக்கும். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, அந்தச் சொல்லை மட்டும் நீக்கி சேவ் செய்யுங்கள். பிறகு டெர்மினலில் 'சூடோ அப்டேட்-கிரப்' என்ற கமாண்டைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நன்றாக ஓடிக் கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஓர் அப்டேட்டிற்குப் பிறகு கறுத்தால், கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பழைய கெர்னல் அழிக்கப்படாமல் இருப்பது இதற்காகத்தான். உள்ளே வந்ததும் டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவருக்கு மாறிவிட்டு, அடுத்த அப்டேட்டிற்குக் காத்திருங்கள்.