மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்குக் குடலிறக்கம் வந்தால்

பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர் அடிவயிற்றில் ஒரு புடைப்பைக் கண்டால், துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். 'படுத்தால் உள்ளே போய்விடுகிறது, வலியும் இல்லை' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் அப்படி விட்டுவிடக் கூடாது.

இந்தியாவில் முதன்முதலாக 1971-ல் வேலூர் சிஎம்சியில் வெற்றி கண்ட இந்தச் சிகிச்சை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் இன்று கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கும் எட்டுகிறது. பிழைத்து எழுந்தவர் மறுபடி மூட்டை தூக்கத்தான் போகிறார். ஆகவே இதைப் பேசியாக வேண்டும்.

புடைப்பு ஏன் வருகிறது?

புதுச் சிறுநீரகத்தை முதுகுப்பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், குடலைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே வைத்துத் தைக்கிறார்கள். இதற்காகத் தசையை வெட்ட வேண்டியிருக்கிறது. உடல் புது உறுப்பை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும். ஸ்டீராய்டும் சிரோலிமஸும் இதில் முக்கியமானவை. சர்க்கரை நோய், உடல் பருமன், புகைப்பழக்கம், அதே தழும்பை மறுபடி திறக்க நேர்வது ஆகியவை சேர்ந்தால் தையல் போட்ட இடம் இளகி, குடல் வெளியே தள்ளும். இதுதான் குடலிறக்கம். முன்பு வயிற்று வழி டயாலிசிஸ் செய்தவர்களுக்குத் தொப்புளிலோ குழாய் போட்ட இடத்திலோ புடைப்பு வரலாம்.

கிரியேட்டினின் ஏறினால்

புதுச் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்குப் போகும் குழாய் கவட்டுப் பகுதிக்கு வெகு அருகில் ஓடுகிறது. அரிதாக, அந்தப் பக்கத்துக் குடலிறக்கத்துக்குள் அந்தக் குழாயே இறங்கி மாட்டிக்கொள்ளும். சிறுநீர் தேங்கும், இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவு ஏறும். உடல் சிறுநீரகத்தை ஒதுக்குகிறதோ என்றுதான் முதலில் எல்லோரும் பயப்படுவார்கள். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். கவட்டில் வீக்கம் இருப்பதைக் கூச்சப்பட்டு மறைத்துவிட்டால், டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

தசை விட்ட இடத்தில் வலை வைத்துத் தைப்பதுதான் வழக்கம். தொற்று வந்துவிடுமோ என்று வலைக்குத் தயங்கிய காலம் உண்டு. தக்க முன்னேற்பாட்டோடு வைத்தால் பெரும்பாலோருக்கு நன்றாகவே பொருந்துகிறது. சிறுநீரகம் இருக்கும் பக்கத்துக் கவட்டுக் குடலிறக்கத்துக்குச் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி கடினம். கருவி நுழைய வேண்டிய இடத்தில்தான் சிறுநீரகம் உட்கார்ந்திருக்கிறது. அங்கே முன்பக்கமாகத் திறந்து செய்வதையே பலரும் விரும்புகிறார்கள். சிரோலிமஸ் சாப்பிடுகிறவருக்குச் சில வாரங்கள் முன்பே வேறு மருந்துக்கு மாற்றுவதும் உண்டு. அதை மாற்று அறுவை செய்த மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும்.

காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள்

இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடல் நெரிபட்டால் மற்றவர்களுக்கு வலியும் காய்ச்சலும் பலமாகக் காட்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு அவை அமுங்கிப் போகலாம். புடைப்பு உள்ளே போக மறுத்தாலோ, கல்லாக இறுகினாலோ, மேல்தோல் சிவந்தாலோ, வாந்தி வந்தாலோ, வாயு பிரியாமல் வயிறு உப்பினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ நேரே வேலூருக்குப் புறப்பட வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல அறுவைப் பிரிவு உள்ள அருகிலுள்ள இடத்துக்கு முதலில் போங்கள். அங்கிருந்தே உங்கள் மாற்று சிகிச்சை மருத்துவரிடம் போனில் பேசச் சொல்லலாம்.

கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, கடைசி கிரியேட்டினின் ரிப்போர்ட் மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். அறுவை நாளன்று வெறும் வயிறு என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம் என்று வார்டு நர்ஸிடமும் மருந்துக்கடையிலும் சொல்லுங்கள், அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வீடு திரும்பிய பின் தண்ணீர்க் குடமோ புளி மூட்டையோ எப்போது தூக்கலாம் என்பதை அறுவை செய்தவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டை மேஸ்திரியிடமும் காட்டுங்கள்.