வெளிநாட்டில் திருமணம்: நெதர்லாந்துச் சான்றிதழ்களும் அவற்றை வாங்கும் வரிசையும்

நெதர்லாந்துக் குடிமக்கள் வேறொரு நாட்டில் திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது, அங்குள்ள பதிவாளர் மூன்று விஷயங்களுக்குச் சான்று கேட்பார்: இவர் யார், எங்கே வசிக்கிறார், மணம் முடிக்கச் சட்டப்படி தடை ஏதும் உண்டா. இந்த மூன்றுக்குமான பதில் நெதர்லாந்தில் இரண்டு வகைப் பதிவேடுகளில் இருக்கிறது. முதலாவது, பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை எந்த ஊரில் நடந்தனவோ அந்த ஊர் நகராட்சியின் குடிமைப் பதிவேடு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் தெற்கே சில பகுதிகளில் 1796-லும், நாட்டின் மற்றப் பகுதிகளில் 1811-லும் இது தொடங்கியது. இரண்டாவது, ஒருவர் இப்போது வசிக்கும் நகராட்சி பராமரிக்கும் ஆள் விவரப் பதிவேடு. 2014 முதல் இதற்கு பி.ஆர்.பி. என்று பெயர். ரோட்டர்டாமில் பிறந்து உட்ரெக்டில் குடியிருப்பவர் பிறப்புச் சான்றுக்கு ரோட்டர்டாம் நகராட்சியையும், முகவரிச் சான்றுக்கு உட்ரெக்ட் நகராட்சியையும் நாட வேண்டும்.

பிறப்புச் சான்று: முழுப் பதிவா, சுருக்கமா?

பிறப்புச் சான்று இரண்டு வடிவங்களில் கிடைக்கும். முழுப் பதிவின் நகலில் பிறந்த நேரம், பெற்றோர் விவரம், பதிவு செய்தவர் யார் என்பதெல்லாம் இருக்கும். பிற்காலத்தில் பெயர் மாறியிருந்தாலோ, தத்தெடுப்பு நடந்திருந்தாலோ, தந்தை பின்னாளில் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றிருந்தாலோ அதுவும் பிற்சேர்க்கைக் குறிப்பாக வரும். சுருக்கச் சான்றில் இன்றைய நிலவரம் மட்டுமே இருக்கும். திருமணம் நடக்கப்போகும் நாடு எதைக் கேட்கிறது என்று எழுத்தில் விசாரித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

சுருக்கச் சான்றைப் பன்மொழிப் படிவத்திலும் வாங்கலாம். 1976-இல் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி தரப்படும் படிவம் இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது பல மொழிகளில், ஆங்கிலம் உட்பட, அச்சிடப்பட்டிருக்கும். நாளுக்கு ‘ஜோ’, மாதத்துக்கு ‘மோ’, ஆண்டுக்கு ‘ஆன்’ என்ற குறியீடுகளை எந்த நாட்டுப் பதிவாளரும் படித்துப் புரிந்துகொள்ள முடியும். உடன்படிக்கையில் சேர்ந்த ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், துருக்கி போன்ற நாடுகளில் இந்தப் படிவத்துக்கு மேலொப்பம் (அலுவலரின் கையெழுத்து உண்மை என்று காட்டும் கூடுதல் முத்திரை) தேவையில்லை. சேராத நாடுகளில் மேலொப்பம் வேண்டும். ஆனால் மொழிபெயர்ப்புச் செலவு பெரும்பாலும் மிச்சமாகும்.

வெளிநாட்டில் பிறந்து நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றவர்களின் பிறப்புப் பதிவு, டென் ஹாக் நகராட்சியின் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருந்தால் அங்கிருந்தே சான்று வாங்கலாம். ஏற்றப்படாவிட்டால் பிறந்த நாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். இதற்கு நீண்ட காலம் ஆகலாம் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

தடையில்லை என்பதற்குச் சான்று

மணநிலையைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. பி.ஆர்.பி. பதிவிலிருந்து முகவரியும் மணநிலையும் சேர்ந்த சான்றை வாங்குவது எளிய வழி. ஆனால் ‘மணமாகாதவர்’ என்று நகராட்சி எழுதித் தருவதை மட்டும் எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. மணம் முடிக்கும் தகுதி இவருக்கு இருக்கிறது என்ற சட்டபூர்வமான உறுதியைக் கேட்கும் நாடுகளுக்குத் திருமணத் தகுதிச் சான்று தேவை. 1980-இல் மியூனிக்கில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கென ஒரு பன்மொழிப் படிவத்தை வகுத்தது.

இந்தச் சான்றில் மணமக்கள் இருவர் பெயரும் இருக்கும். அதாவது, குறிப்பிட்ட ஒருவரை மணக்கத் தடையில்லை என்றுதான் நகராட்சி உறுதி சொல்கிறது. ஆகவே வெளிநாட்டிலிருக்கும் துணையின் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று ஆகியவையும் கேட்கப்படும். அவற்றுக்கும் மேலொப்பமும் மொழிபெயர்ப்பும் தேவைப்படலாம். சான்று 6 மாதமே செல்லும். சீக்கிரம் வாங்கினால் திருமண நாளுக்கு முன்பே காலாவதியாகிவிடும். தாமதித்தால் மேலொப்பத்துக்கு நேரம் போதாது.

முன்பு மணமானவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெதர்லாந்தில் நீதிமன்றம் விவாகரத்து வழங்கிவிட்டால் மட்டும் திருமணம் முடிந்துவிடாது. தீர்ப்பு இறுதியான 6 மாதத்துக்குள் அதைக் குடிமைப் பதிவேட்டில் ஏற்றும்படி விண்ணப்பிக்க வேண்டும். ஏற்றிய நாளில்தான் மணமுறிவு நடைமுறைக்கு வரும். கெடு தவறினால் தீர்ப்பே செல்லாமல் போகும். ஆகவே நீதிமன்றத் தீர்ப்போடு, அது பதிவேட்டில் ஏறியதற்கான சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். துணையை இழந்தவர் இறப்புச் சான்றைக் காட்ட வேண்டும். 1998 முதல் நடப்பிலிருக்கும் ‘பதிவு செய்த துணைவாழ்வு’ முறையில் ஒருவருடன் சேர்ந்தவர், அதைக் கலைக்காமல் வேறொருவரை மணக்க முடியாது.

மேலொப்பமும் மொழிபெயர்ப்பும்

வெளிநாட்டுப் பதிவாளருக்கு நெதர்லாந்து நகராட்சி அலுவலரின் கையெழுத்து உண்மையானதா என்று தெரியாது. 1961 அக்டோபர் 5 அன்று டென் ஹாக் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்குத் தீர்வு கண்டது. அதில் சேர்ந்த நாடுகளுக்கு ‘அப்போஸ்டில்’ என்ற ஒற்றை முத்திரை போதும். நெதர்லாந்தில் இதை மாவட்ட நீதிமன்றங்கள் ஒட்டித் தருகின்றன. அப்போஸ்டில் என்பது எண்ணிட்ட 10 விவரங்கள் கொண்ட சதுரம். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 செ.மீ. இருக்கும். கையெழுத்தும் பதவியும் முத்திரையும் உண்மை என்பதை மட்டுமே அது சொல்கிறது. சான்றிதழில் எழுதியிருப்பது சரி என்பதற்கு அது பொறுப்பாகாது.

உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு வழி நீளும். வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகச் சேவை மையத்தில் ஒப்பம் பெற்று, பிறகு அந்த நாட்டின் தூதரகத்திலும் பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இந்தத் தொல்லையே இல்லை. 2019 பிப்ரவரி 16 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குமுறையின்படி பிறப்பு, மணநிலை போன்ற சான்றுகளுக்கு அப்போஸ்டில் கேட்கக் கூடாது. நகராட்சி இணைத்துத் தரும் பன்மொழிப் படிவம் மொழிபெயர்ப்பின் தேவையைக் குறைக்கிறது.

மொழிபெயர்ப்பு வேண்டுமானால், அரசுப் பதிவேட்டிலுள்ள, உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளரிடமே செய்ய வேண்டும். சில நாடுகள் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கும் தனி அப்போஸ்டில் கேட்கும். பெயர்களை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான். ‘வான் டென் பெர்க்’ என்ற குடும்பப் பெயரில் முன்னொட்டுகள் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் மொழிபெயர்ப்பில் வேறு விதமாகவும் இருந்தால், பதிவாளர் இருவேறு ஆட்கள் என்று சந்தேகிக்கக்கூடும்.

இந்தியாவில் பதிவு என்றால்

இந்தியா 2005-இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், நெதர்லாந்துச் சான்றுகளுக்கு அந்த ஒற்றை முத்திரை போதும். நெதர்லாந்துக் குடிமகனும் தமிழ்நாட்டுப் பெண்ணும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க நினைத்தால், அறிவிப்பு கொடுக்கும் முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பின் 30 நாட்கள் ஆட்சேபணைக் காலம். அறிவிப்பு கொடுத்த 3 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் புதிய அறிவிப்பு தேவை. பதிவின்போது மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தகுதிச் சான்றின் 6 மாதத்துக்குள் இவ்வளவும் அடங்க வேண்டும் என்பதால், திருமண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுவதே பாதுகாப்பு.

கோயிலில் தாலி கட்டி மணப்பவர்களும் பதிவை விட்டுவிடக் கூடாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுபடியாகும் திருமணத்தையே நெதர்லாந்து ஏற்கும். அதற்கு அரசுச் சான்றே ஆதாரம். அழைப்பிதழும் புகைப்படமும் உதவாது.

திரும்பிய பின்

திருமணச் சான்றுக்கும் மேலொப்பம் வேண்டும்; அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதை முடித்துக்கொண்டால் பின்னாளில் அலைய வேண்டியதில்லை. இந்தியாவில் மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் வழங்குகிறது. டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளிலுள்ள சான்றுகளை நெதர்லாந்து நகராட்சிகள் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஏற்கின்றன. நெதர்லாந்தில் வசிப்பவர் தம் நகராட்சியில் இந்தத் திருமணத்தைத் தெரிவித்தாக வேண்டும். மணத்தால் யாருடைய குடும்பப் பெயரும் சட்டப்படி மாறாது. துணையின் பெயரை வழக்கில் பயன்படுத்த விரும்புவோர் அதை நகராட்சியில் பதிந்துகொள்ளலாம். பி.ஆர்.பி. பதிவில் மணநிலை மாறியதும், வெளிநாட்டில் நடந்த திருமணம் நெதர்லாந்து அலுவலகங்களின் பதிவிலும் இடம்பெறுகிறது.